கொம்புப்பிடிக் கத்தி

கரிமூட்டத்தில் வெள்ளைப் புகை கட்டியாக வரும்வரை பயமில்லை. உள்ளே விறகின் ஈரம் காய்கிறது என்று அர்த்தம். புகை மெலிந்து நீலம் பாரித்துவிட்டால் ஆள் அகலக்கூடாது. மேலே அப்பியிருக்கும் மண்ணில் விரல் அகலம் வெடிப்பு விட்டாலும் காற்று உள்ளே புகுந்து அத்தனை கரியையும் சாம்பலாக்கிவிடும். மாரிக்கனி ஈரமண்ணைக் கை நிறைய அள்ளி, வெடிப்பு கண்ட இடத்திலெல்லாம் அப்பிக்கொண்டிருந்தாள். எழுபத்து மூன்றாம் வருசத்து ஆனிக் காற்று வேலங்குளம் கண்மாய்க்குள் சுழன்று சுழன்று அடித்தது. தண்ணீர் கண்டு நாளான கண்மாய். உள்வாய் முழுக்கச் சீமைக்கருவை. அதை வெட்டி, தூர் பறித்து, அடுக்கி, மூட்டம் போட்டுக் கரியாக்கி அருப்புக்கோட்டைக்கு லோடு ஏற்றிவிடுவதுதான் கீழத்தெருவுக்கு அப்போது கஞ்சி ஊற்றியது. கண்மாய் மரத்தைக் குத்தகை எடுத்திருந்தவர் பெரிய வீட்டுச் சண்முகவேல்.

அவருடைய காரியங்களைப் பார்க்கிற ராக்கப்பன் சைக்கிளைக் கரையில் சாத்திவிட்டு இறங்கி வந்தான். கரித்தூசி வேட்டியில் படாதபடி தூரத்திலேயே நின்றுகொண்டான்.

"ஏ மாரிக்கனி, ஒன் புருசன் வீட்டுல ஆயுதக் கிடங்கு வச்சிருக்கானாமே?"

"கிடங்கும் இல்ல, கிணறும் இல்ல. பழைய கத்தி கொஞ்சம் கெடக்கு. எதுக்குக் கேக்குறீக?"

"அதுல ஒண்ணு மான்கொம்புப் பிடி போட்டதாம்ல. அது எங்க அய்யாவோட தாத்தா கத்தி. பன்னி வேட்டைக்கு வந்த வெள்ளைக்காரத் தொரை கையால குடுத்தது. நேத்து டவுனு கிளப்புக்கடையில வச்சு ஒரு ஆளு அய்யாகிட்டக் கேட்டுட்டான், 'ஒங்க தாத்தா கத்தி கீழத்தெருச் சுவத்துல தொங்குதாமே'ன்னு. அய்யா இலையை மூடிட்டு எந்திரிச்சு வந்துட்டாக. பேசாமக் கொண்டாந்து குடுத்துரச் சொல்லு."

"சொல்றேன்" என்றாள் மாரிக்கனி. உண்மையில் அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசம்தான். ஒரு கத்தியாவது வீட்டைவிட்டு ஒழிகிறதே.

அவள் புருசன் செல்லப்பாண்டி இளவயதில் பட்டாளத்துக்குப் போனவர். துப்பாக்கி தூக்குகிற பட்டாளம் இல்லை. பர்மா எல்லையில் காட்டை வெட்டி ரோடு போட்ட பட்டாளம். சண்டை முடிந்து திரும்பும்போது தகரப்பெட்டிக்குள் ஒரு ஜப்பான்காரன் பைனட்டோடு, துப்பாக்கி முனையில் மாட்டுகிற கத்தியோடு, வந்து இறங்கினார். மற்ற பட்டாளத்துக்காரர்கள் கம்பளியும் ரம்மும் கொண்டுவந்தார்கள். பிறகு அருப்புக்கோட்டையில் வெள்ளத்துரை அண்ணாச்சியின் பழைய இரும்புக் கடையில் லோடு ஏற்றி இறக்குகிற வேலை. அந்தக் கடைக்கு வராத இரும்பு கிடையாது. தேய்ந்த கமலை உருளை, மில்லில் கழித்த பல்சக்கரம், ஓட்டை அண்டா, மாட்டு லாடம். இதற்கு நடுவே எப்போதாவது ஒரு கத்தி வரும். பட்டாளத்துக்காரன் செத்து, பிள்ளைகள் பெட்டியைக் காலி செய்திருப்பார்கள். ஜமீன் ஆட்டம் ஓய்ந்த வீடுகளில் பரணைக் கூட்டிப் போட்டிருப்பார்கள். உறையோடு வந்தால் செல்லப்பாண்டி அதைத் தனியே எடுத்து வைப்பார். உறையில்லாத கத்தியை ஏறிட்டும் பார்க்கமாட்டார். அண்ணாச்சி தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தால், "வேட்டி வேணாம் அண்ணாச்சி, அந்தக் கத்தியைக் குடுங்க" என்பார்.

இப்படி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, உள்சுவரில் அடித்த பலகை நிறைந்துபோனது. நீளமான இங்கிலீஷ்காரன் பைனட்டு. முதுகு வளைந்த கூர்க்காக் கத்தி. அதன் உறைக்குப் பின்னால் குட்டி குட்டியாக இன்னும் ரெண்டு செருகியிருக்கும், ஒன்று தோல் சீவ, மொக்கையாக இருப்பது தீட்ட. வெள்ளிப் பூண் போட்ட குடகுப் பிச்சுவா. கடைசியாக வந்தது இந்தக் கொம்புப்பிடிக் கத்தி. உறைத்தோலில் மான் தலை அச்சு அழுத்தியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் செங்கல் பொடியால் துருவை எடுத்து, உறைகளுக்கு விளக்கெண்ணெய் தடவி வெயில் படாமல் காயவைப்பார். தலைக்கு எண்ணெய் இல்லாமல் மாரிக்கனி செம்பட்டையாகத் திரிவாள். "நானும் ஒரு உறைய மாட்டிக்கிட்டு நின்னாத்தான் எனக்கு எண்ணெய் கெடைக்கும் போல" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே சலித்துவிட்டது.

அன்றைக்குப் பொழுது சாய வீட்டுக்கு வந்தவள், கேப்பைக்கூழைக் கரைத்து அவர் முன்னால் வைத்துவிட்டுச் சேதியைச் சொன்னாள். செல்லப்பாண்டி வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"அவுக வீட்டு ஆளுதான் வண்டியில ஏத்திக் கொண்டாந்து எடை போட்டான். ஒடஞ்ச கட்டில், தகரம், அதோட இதுவும். அன்னைக்கு இரும்பு. நான் தொடச்சு எண்ணெய் போட்டதுக்கப்புறம் தாத்தா கத்தி ஆயிருச்சாக்கும்?"

"பெரிய எடத்துப் பகை நமக்கு எதுக்குய்யா? அப்படி என்னதான் இருக்கு அதுல? ஒரு நாளாவது ஒரு வெங்காயம் நறுக்கிருப்பியா?"

அவர் கூழைக் குடித்து முடித்தார். பிறகு, "பர்மாவுல ரோட்டோரம் கெடந்த பொணத்தையெல்லாம் நாங்கதான் எடுத்துப் பொதச்சோம்" என்றார். "முக்காவாசிப் பேரு இடுப்புல கத்தி உறையிலயே கெடந்துச்சு. உருவுறதுக்கு நேரமில்ல அவனுகளுக்கு. வெட்டுன கத்தியைவிட உறைக்குள்ளயே கெடந்த கத்திதான் புள்ள ஒலகத்துல அதிகம். எவனோ ஒருத்தன் இடுப்புச் சூட்டுல கெடந்தது. அதைப் போயி கிலோக்கணக்குல காய்ச்ச எனக்கு மனசு வல்ல."

மாரிக்கனிக்கு அது பாதி புரிந்தது. இருந்தாலும் மறுநாள் ராக்கப்பன் தெருவுக்கே வந்து நின்றபோது, எப்படியாவது பேசிக் கொடுத்துவிடச் செய்யலாம் என்ற நினைப்போடுதான் வெளியே வந்தாள். செல்லப்பாண்டி வாசலில் குத்தவைத்திருந்தார். பேச்சை இலகுவாக்கலாமே என்று அவள்தான் கேட்டாள்:

"குடுத்தா அய்யா வீட்டுல எங்க மாட்டுவாக? கூடத்துலயா? எண்ணெய் போடணும், இல்லாட்டித் துருப் பிடிச்சிரும். அதான் கேட்டேன்."

ராக்கப்பன் சிரித்துவிட்டான். "மாட்டுறதா? நல்லாக் கேட்ட போ. நீங்க புழங்குனதை அய்யா வீட்டு நடையேத்துவாகளா? கொல்லன் ஒலையில போட்டு உருத்தெரியாம அடிச்சு, பாழுங்கெணத்துல தள்ளச் சொல்லிட்டாக. அவுகளுக்குக் கத்தி வேணும்னு இல்ல. ஒங்ககிட்ட இருக்கக் கூடாது, அம்புட்டுத்தான்."

மாரிக்கனி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். ரேகையெல்லாம் கரி. எந்தச் சீயக்காய்க்கும் போகாத கரி.

"நாங்க சுட்ட கரியிலதான அய்யா சட்டைக்கு இஸ்திரி போடுறாக? அது நடையேறுதா?"

"ஏய், என்ன பேச்சு பேசுற?"

"கேட்டது காதுல விழுந்துச்சுல்ல? கத்தியைக் குடுக்க முடியாது. போய்ச் சொல்லுங்க."

குத்தவைத்திருந்த செல்லப்பாண்டி நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கத்திகளைக் கரித்துக்கொட்டியவள் அவள்.

அதற்கடுத்த நாள் கண்மாய்க்குள் கீழத்தெரு ஆட்களை இறங்கவிடவில்லை. எரிந்துகொண்டிருந்த மூட்டத்துக்குக்கூட ஆள் நிறுத்தவில்லை. காற்று புகுந்து, ஒரு லோடு கரியும் சாம்பலாகி ஊரெல்லாம் பறந்தது. பரளச்சிப் பக்கத்திலிருந்து வேறு ஆட்கள் அரிவாளோடு லாரியில் வந்து இறங்கினார்கள். கீழத்தெருக்காரர்கள் விடியுமுன் கிளம்பி நரிக்குடி வரைக்கும் நடந்து வேலை தேடினார்கள். மழையில்லாத காட்டில் யாருக்கு ஆள் வேண்டும்? ஆடு மேய்க்கிற வேலைகூட அமையவில்லை.

பக்கத்து வீட்டு ஜக்கம்மாள் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சண்டைக்கு வரவில்லை, அதுதான் மாரிக்கனிக்குக் கஷ்டமாக இருந்தது.

"ஏண்டி, அடுப்புல பூனை தூங்குது எங்க வீட்டுல. ஒரு கத்திக்காகத் தெருவே பட்டினி கெடக்கணுமா?"

"வெறும் கத்தின்னா நானே அன்னைக்குக் கையில குடுத்துருப்பேன் மதினி. நாம தொட்டதுனால அது உருத்தெரியாமப் போகணுமாம். நாம எதைத்தான் தொடல? இந்தக் கண்மாயத் தொட்டோம், அவுக களத்துத் தானியத்தைத் தொட்டோம், பெத்த புள்ளைகளைத் தொட்டு வளத்துருக்கோம். எல்லாத்தையும் ஒலையில போடுவாகளா?"

"நாயம் சரிதான். நாயத்தை ஒலையில வேகவச்சா சோறாகுமா?"

மாரிக்கனி பானையிலிருந்த கம்பு மாவைப் பாதியாகப் பங்கிட்டு ஜக்கம்மாள் முந்தானையில் போட்டாள். ஜக்கம்மாள் வேண்டாம் என்று சொல்லவுமில்லை, வாங்கிக்கொண்டு உடனே போகவுமில்லை. முந்தானையை முடிந்துகொண்டாள். பிறகு, "குடுக்கப் போறியா இல்லையா, ஒண்ணு சொல்லு" என்றாள்.

"குடுக்கல."

"அப்பச் சரி. நாளைக்கு நடந்து போறப்ப என்னையும் எழுப்பு. ரெண்டு பேருமாப் போவோம்."

போலீஸ் வந்தது காலைக் கஞ்சி நேரத்தில். பெரிய வீட்டில் கத்தி களவு போய்விட்டதாகப் புகார். இரண்டு பேர் உள்ளே புகுந்து, பலகையிலிருந்த கத்திகளை உருவி உருவிப் பார்த்து, கொடியில் கிடந்த மாரிக்கனியின் கண்டாங்கிச் சேலையை இழுத்து அதிலேயே மூட்டையாகக் கட்டினார்கள். செல்லப்பாண்டி, "பையக் கட்டுங்கய்யா, உறை ஒடஞ்சிரும்" என்றார். அதற்கு அவருக்குக் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. தெரு பார்த்துக்கொண்டிருக்க அவரையும் மூட்டையையும் ஒரே வேனில் ஏற்றினார்கள்.

மாரிக்கனி அழவில்லை. அழுதால் கால் ஓடாது என்று அவளுக்குத் தெரியும். ஜக்கம்மாளையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸேறி அருப்புக்கோட்டைக்குப் போனாள்.

வெள்ளத்துரை அண்ணாச்சி தராசுக்குப் பக்கத்தில் நின்று தகரத்தை நசுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சேதியைக் கேட்டதும் முகம் சுருங்கிப்போனது.

"எனக்கு மனசு கேக்கல மாரிக்கனி. ஆனா நான் யாவாரி. பெரிய வீட்டுக்கும் எனக்கும் ரொம்ப நாப் பழக்கம். நான் எப்படி வந்து எதிர்த்து நிக்கிறது? அந்தக் கத்தியைக் குடுத்துட்டா முடிஞ்சுது."

"அந்தக் கத்தி யாரு கடைக்கு வந்துச்சு அண்ணாச்சி?"

"எங்கடைக்குத்தான்."

"கொண்டாந்து போட்டது?"

"அவுக வீட்டு ஆளு. நான்தான் எடை போட்டேன்."

"அது களவுச் சாமான்னு போலீஸு எழுதப்போகுது. களவுச் சாமானை எடை போட்டு வாங்குனது யாருன்னு அடுத்து எழுதுவாகள்ல? எங்க வீட்டுக்காரரு களவாணின்னா, நீங்க யாரு அண்ணாச்சி?"

வெள்ளத்துரை அவளையே பார்த்தார். கடையில் தகரம் நசுக்குகிற சத்தம் நின்றுவிட்டது. ஜக்கம்மாள் பயந்துபோய் மாரிக்கனியின் முழங்கையைப் பிடித்தாள். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பேச்சா பேசுற நீ? இரும்பை வளைக்கிற மாதிரி வளைக்கிறியே தாயி. வா, போவோம்."

ஸ்டேஷனில் சண்முகவேல் நாற்காலியில் இருந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல். செல்லப்பாண்டி தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். விரல்கள் வீங்கி, வெண்டைக்காய் போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மாரிக்கனியைக் கண்டதும் கையை மறைக்கப் பார்த்தார். மேஜைமேல் அவள் சேலை விரித்துக் கிடந்தது, அதன்மேல் கத்திகள்.

வெள்ளத்துரை கும்பிட்டுவிட்டு நேரே விசயத்துக்கு வந்தார். "இன்ஸ்பெக்டர் அய்யா, இந்தக் கொம்புப்பிடி பெரிய வீட்டுலருந்து லோடோட என் கடைக்கு வந்தது. எடை போட்டு வாங்குனவன் நான். இவருக்குத் தீபாவளிக்குக் குடுத்தவனும் நான். களவுன்னு எழுதுனா என் பேரையும் எழுதணும். என் பேரை எழுதுனா நாளைக்குக் கடைவீதி பூராக் கதவு சாத்தும். அதுக்கு நான் பொறுப்பில்ல."

சண்முகவேல், "என்ன வெள்ளத்துரை, இவளுக்காகவா இம்புட்டு தூரம் வந்தீரு?" என்றார்.

"எனக்காகத்தான் வந்தேன். களவாணிப் பட்டம் கட்டிக்கிட்டுத் தராசு பிடிக்க முடியாதுல்ல?"

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். கடைவீதி என்ற சொல் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். செல்லப்பாண்டி பக்கம் திரும்பினார்.

"சரிப்பா. கேஸு வேணாம். ஒண்ணு செய்வோம். மத்த கத்தியெல்லாம் நீ கொண்டுபோ. இந்தக் கொம்புப்பிடியை மட்டும் இவர் கையில குடுத்துட்டுப் போ. ரெண்டு பேருக்கும் மரியாதை. என்ன சொல்ற?"

செல்லப்பாண்டி மேஜையைப் பார்த்தார். ஜப்பான் பைனட்டைப் பார்த்தார், கூர்க்காக் கத்தியைப் பார்த்தார். வலி அவர் முகத்தைத் தின்றிருந்தது. தலை மெல்ல அசையப் போனது. மாரிக்கனி அதைப் பார்த்துவிட்டாள்.

"முடியாதுங்கய்யா" என்றாள்.

"உன்னைக் கேக்கல."

"எங்க வீட்டுச் சுவத்துல இருந்ததை எடுத்தீக, என் சேலையில கட்டுனீக. என்னைத்தான் கேக்கணும். களவுன்னா கேஸு எழுதுங்க, எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கிருங்க, எங்க வீட்டுக்காரரையும் உள்ள வைங்க. நாங்க கோர்ட்டுல பேசிக்கிறோம். களவு இல்லைன்னா எல்லாத்தையும் குடுங்க. நடுவுல ஒண்ணைக் கிள்ளிக் குடுக்க அது கருவேப்பிலையா?"

சண்முகவேல் எழுந்துவிட்டார். "கீழத்தெருப் பொம்பளைக்கு இம்புட்டு வாயா? அந்தக் கத்தி என் தாத்தா பிடிச்ச கத்தி!"

"பிடிச்சவரு போய்ச் சேந்துட்டாரு. பேரன் தகரத்தோட வித்துட்டீக. இவுகதான் எடுத்துத் தொடச்சாக" என்றாள் மாரிக்கனி. "வேணும்னு கேட்டிருந்தா குடுத்துருப்போம். உருத்தெரியாம அடிக்கிறதுக்குக் கேட்டீக. அதுக்குக் குடுக்க முடியாது. இன்னைக்கில்ல, என்னைக்கும்."

வாசலில் நின்ற ஜக்கம்மாள், கேட்கிறாற்போலவே, "அப்படிச் சொல்லுடி" என்றாள்.

இன்ஸ்பெக்டர் சண்முகவேலை ஒருமுறை பார்த்தார், வெள்ளத்துரையை ஒருமுறை பார்த்தார். பிறகு சேலையின் நான்கு முனையையும் தானே இழுத்துச் சேர்த்து, "எடுத்துக்கிட்டுப் போய்த் தொலைங்க. இன்னொரு தடவை இந்தப் பேச்சு எனக்கு வரக்கூடாது" என்றார். சண்முகவேல் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு வெளியேறினார்.

மூட்டையை மாரிக்கனி தலையில் வைத்துக்கொண்டாள். விறகைவிட லேசுதான். வெள்ளத்துரை ரோட்டில் நின்று, "இனிப் பெரிய வீட்டுச் சரக்கு ஒண்ணு என் கடைக்கு வராது" என்று சொல்லிக்கொண்டார், பிறகு, "வராட்டிப் போகுது. செல்லப்பாண்டி, கை சரியாகுற வரைக்கும் தராசுல நில்லு, மூட்டை தூக்க வேணாம்" என்றார்.

கை சரியாகவில்லை. புத்தூர்க்கட்டுப் போட்டும் இரண்டு விரல்கள் மடங்காமலே நின்றுவிட்டன. கத்தியைப் பிடித்து உறையிலிருந்து இழுக்க முடியவில்லை அவரால். ஞாயிற்றுக்கிழமை பலகைக்கு எதிரே உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். மாரிக்கனி செங்கல் பொடியையும் விளக்கெண்ணெயையும் எடுத்துவந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

"சொல்லு, எதுலருந்து ஆரம்பிக்கணும்?"

"ஒனக்கு எதுக்கு புள்ள இது?"

"சொல்லுய்யான்னா."

அவர் சொன்னார், அவள் செய்தாள். மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். உறையின் வாயில் எண்ணெய் அதிகம் விடக்கூடாது, தையல் இற்றுப்போகும். ஜப்பான்காரன் பைனட்டை உறையிலிருந்து அவள் முதன்முதலாக இழுத்தபோது அது சீறிக்கொண்டு வந்தது. கை கூசியது. கருவை வெட்டுகிற அரிவாளைவிட வேறு விதமான கனம். "எந்த ஊருக்காரனோ" என்றாள். "ஆமா" என்றார் செல்லப்பாண்டி.

எல்லாம் துடைத்து முடிந்ததும் அவள் பலகையைச் சுவரிலிருந்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள்.

"என்ன செய்ற? சுவரு பேந்துரும்!"

"உள்ள இருந்தா எவனோ கிளப்புக்கடையில சொல்லித்தான் அவுகளுக்குத் தெரியுது. எதுக்கு இன்னொருத்தர் சொல்லணும்?"

பலகையை வெளிச்சுவரில், ரோட்டைப் பார்த்தாற்போல அறைந்தாள். ஜக்கம்மாள் கல்லை எடுத்து வந்து ஆணியை அடித்துக் கொடுத்தாள். அதுவரை அந்தக் கத்திகளைச் சரியாகப் பார்த்தேயிராத தெரு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கூர்க்காக் கத்தியின் குட்டிகளைக் கண்டு பெண்கள் சிரித்தார்கள். கொம்புப்பிடியை நடுவில் மாட்டினாள். வெயில் ஏறி உறைமேல் எண்ணெய் மினுங்கியது.

திருச்சுழி பஸ்ஸுக்குப் போகிற ரோடு அதுதான். பெரிய வீட்டுக்கும் வேறு நல்ல வழி கிடையாது. சண்முகவேலின் மோட்டார் சைக்கிள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து, வீட்டைத் தாண்டி, நின்றது. அவர் இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தார். கூட்டம் விலகவில்லை. வழக்கமாகத் துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொள்கிற ஆண்கள் அன்றைக்குத் தோளிலேயே வைத்திருந்தார்கள். யாரும் பேசி வைத்துச் செய்ததில்லை.

"என்ன, கடை விரிச்சிருக்கியா?" என்றார் சண்முகவேல்.

வாசலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த மாரிக்கனி கும்பாவைக் கீழே வைத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கடையில்ல. விக்கிறதுக்கில்ல. சும்மா பாத்துட்டுப் போகலாம். யாரு வேணாலும் பாக்கலாம், நீங்களும் பாக்கலாம். ஆனா தொடப்புடாது. தொட்டா நாங்க மறுபடி தொடைக்கணும்."

மோட்டார் சைக்கிள் உறுமியது. பிறகு அது கிளம்பியது. புழுதி அடங்கியது. அப்புறம் ஜக்கம்மாள்தான் முதலில் சிரித்தாள். அவள் சிரிக்கவும் தெருவே சிரித்தது. செல்லப்பாண்டி மடங்காத விரல்களோடு கையை உயர்த்தி, "ஏ புள்ள, நடுவுல இருக்கிறது கோணலாத் தொங்குது பாரு" என்றார்.

மாரிக்கனி போய் அதை நேராக்கினாள்.